ஊசி, நூல், நாற்பது ஏடுகள்

கடையில் விற்கும் சாதாரணக் கடிதத்தாள்தான். ஆலையிலேயே நடுவில் மடித்து வரும். ஒரு தாளுக்கு எழுத நான்கு பக்கம் கிடைக்கும். எமிலி டிக்கின்சன் அதில் தன் கவிதைகளை மையால் படியெடுப்பார். நான்கைந்து தாள்கள் நிறைந்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். மடிப்போரத்தில் ஊசியால் இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து முடிச்சிடுவார். ஓர் ஏடு தயார். 1858 வாக்கில் தொடங்கி 1864 வரை இப்படி நாற்பது ஏடுகள் செய்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் அவற்றில் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில், ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரமே உள்ள ஒரு மேசையில் நடந்த வேலை இது.

எமிலியின் கவிதையைப் போற்றியவர்கள் பலர். நான் போற்ற வருவது அந்த ஏடுகளை. எழுதிப் பிழைத்தவரல்லர் அவர். வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்துக் கவிதைகள். ஒன்றின் கீழும் அவர் பெயர் இல்லை. மொத்தம் எழுதியவையோ ஏறத்தாழ 1,800. அச்சுக்குப் போகாத கவிதைகளைப் பத்திரப்படுத்திய கிடங்கு என்றே இந்த ஏடுகளைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அவை முழுமையான பதிப்பு வேலையாகவே தெரிகின்றன. அவருடைய கவிதைக்கு அவர் காலத்து அச்சகம் எதுவும் செய்திருக்க முடியாத ஒன்றை அந்த ஊசியும் நூலும் செய்திருக்கின்றன.

முதலில் கட்டையே பார்ப்போம். வழக்கமான புத்தகக் கட்டில் மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுமடிப்பில் தைப்பார்கள். அப்படிச் செருகும்போது வெளித்தாளின் முன்பாதி முதல் பக்கமாகவும் பின்பாதி கடைசிப் பக்கமாகவும் ஆகிவிடும். ஆகவே எது எங்கே வரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே திட்டமிட்டாக வேண்டும். எமிலி தாள்களைச் செருகவில்லை, அடுக்கினார். நம் ஓலைச்சுவடியில் போல ஒவ்வொரு தாளும் தனித்து நிற்கிறது. துளையும் கயிறும்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒரு தாள் நிறைந்தால் அந்த வேலை அங்கே முடிந்தது. அடுத்த தாளை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எதன்மேல் எதை வைப்பது என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் கவிதை வழிந்தால் ஒரு துண்டுத்தாளைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் ரொட்டி சுடும் பொறுப்பு அவருடையது. மகள் சுட்ட ரொட்டியைத்தான் தந்தை விரும்புவார். அடுப்புக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமுறை எனக்குத் தெரியவில்லை.

ஏடு செய்யும் பழக்கம் அவருக்குப் பள்ளிப் பருவத்திலேயே வந்துவிட்டது. பதின்மூன்று பதினான்கு வயதில் செடிகளைப் பறித்து அழுத்தி உலர்த்தி ஒரு தாவரத் தொகுப்பு செய்தார். 66 பக்கங்களில் 424 மாதிரிகள்; பலவற்றின் கீழும் சின்னத் துண்டுச்சீட்டில் லத்தீன் பெயர். இன்று அது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் நிழற்படிவத்தில் நான் ரசிப்பது ஒவ்வொரு பக்கத்தின் அமைப்பை. பெரிய தண்டு ஒன்று குறுக்கே சாய்ந்திருக்கும். விட்ட இடத்தில் சிறு பூக்கள் உட்கார்ந்திருக்கும். வகைப்பாட்டு வரிசையைவிடப் பார்வைக்கு எது எதனருகே அழகு என்ற கணக்கே அங்கே ஆள்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கவிதைகளை ஏடாக்கியபோதும் இதே கண்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

ஏட்டைத் திறந்தால் தலைப்புப் பக்கம் கிடையாது. ஆசிரியர் பெயர், பக்க எண், பொருளடக்கம் எதுவும் இல்லை. கவிதைகளுக்கும் தலைப்பில்லை, ஒன்று முடிந்ததும் குறுக்கே ஒரு சிறு கோடு, அதன் கீழே அடுத்தது. எழுத்துகள் சாய்ந்து, இடைவெளிவிட்டு ஓடுகின்றன. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி அருங்காட்சியகத்தில் கல்லில் பதிந்த தொல்பறவைக் காலடிகள் உண்டு. அவற்றைப் பார்த்து எழுதப் பழகியவர் போலிருக்கிறது என்று இந்தக் கையெழுத்தைப் பற்றி, எமிலியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் பின்னாளில் எழுதினார். எமிலியின் புகழ்பெற்ற இடைக்கோடுகளையும் கையெழுத்தில்தான் பார்க்க வேண்டும். சில குட்டையாக, சில நீளமாக, சில மேல்நோக்கி, சில கீழ்நோக்கி. அச்சில் எல்லாம் ஒரே அளவுக் கோடாகிவிடுகின்றன. கோட்டின் ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு பொருள் உண்டு என்று வாதிடும் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் மூச்சு எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பது கையெழுத்துப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி, என்னை இந்த ஏடுகளிடம் திரும்பத் திரும்ப இழுக்கும் சங்கதி. 1861 வாக்கில் தொடங்கி, சில சொற்களின் அருகே அவர் சின்னக் கூட்டல்குறி இடுகிறார். கவிதை முடிந்ததும் கீழே அதே குறியோடு வேறு சொற்கள். இந்தச் சொல்லுக்குப் பதில் இதுவும் ஆகலாம், அல்லது இதுவும். சில இடங்களில் ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு மாற்றுகள், சில இடங்களில் முழு அடிக்கே மாற்று. இவை திருத்தம் பாதியில் நின்ற வரைவுகள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வரைவுகளைப் பெரும்பாலும் அழித்துவிட்டு, நல்ல தாளில் நிதானமாகப் படியெடுத்து, தைத்தும் முடித்த ஏடு இது. அந்தக் கடைசிப் படியில்தான் மாற்றுச் சொற்களையும் சேர்த்து எழுதி வைக்கிறார். அடித்துவிட்டு எழுதிய சொற்கள் அல்ல. ஒன்று மற்றொன்றை வெளியேற்றுவதில்லை. வாசிப்பவர் கீழே பார்த்து, மேலே போய், அந்தச் சொல்லை வைத்து அடியை மறுபடி வாசிக்கிறார். ஒரு பெயர்ச்சொல் மாறினால் உவகை அச்சமாகிவிடுகிறது. ஒரு வினைச்சொல் மாறினால் கவிதையின் காலமே நகர்கிறது. ஷேரன் கேமரன் என்ற ஆய்வாளர் 1992இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தேர்ந்தெடுக்காமல் இருப்பதையே எமிலி தேர்ந்தெடுத்தார் என்பது அவர் வாதம். நான் அந்தக் கட்சி. பாடுபவர் ஒரே வரியை வேறு வேறு சங்கதிகளில் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்புக்கு இடமிருக்காது. எந்தச் சங்கதி சரியானது என்று நாம் கேட்பதில்லையே.

இதற்குத் தெளிவான சான்று, பளிங்கு அறைகளில் துயிலும் இறந்தோரைப் பற்றிய கவிதை. 1859இல் ஒரு வடிவம் எழுதி ஏட்டில் சேர்த்தார். பக்கத்து வீட்டில் இருந்த அண்ணி சூசனுக்கு அதன் இரண்டாம் பத்தி பிடிக்கவில்லை. 1861இல் எமிலி புதிதாக ஒன்று எழுதி அனுப்பினார். சூசனுக்கு அதுவும் முதல் பத்தியோடு பொருந்தவில்லை. மறுபடி ஒன்று போனது. ஒரு நல்ல வாசகரும் ஒரு நல்ல கவிஞரும் தோட்டத்துக்கு இருபுறம் இருந்துகொண்டு நடத்திய இந்த வாதத்தின் விளைவை எமிலி இன்னோர் ஏட்டில் பதிவுசெய்தார்: ஒரே முதல் பத்தி, அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இரண்டாம் பத்திகள். முந்தைய வடிவம் 1862 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிகன் நாளிதழில் பெயரில்லாமல், ஒட்டவைத்த ஒரு தலைப்போடு வந்தது. நாளிதழ் ஒன்றைத்தான் அச்சிட முடியும். ஏட்டில் எல்லாம் இருக்கின்றன.

அச்சு அவருக்குச் செய்ததை அவரே சொல்லியிருக்கிறார். புல்லில் ஊர்ந்து போகும் பாம்பைப் பற்றிய கவிதை 1866 பிப்ரவரியில் அதே நாளிதழில் அவர் அனுமதியில்லாமல் வெளியானது. மூன்றாம் அடியின் முடிவில் போட்ட நிறுத்தக்குறி அதை நான்காம் அடியிலிருந்து வெட்டிவிட்டது என்று ஹிக்கின்சனுக்குக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு குறிக்கு இவ்வளவு வருந்தியவர் அச்சை ஏன் தேடிப் போகவில்லை என்று நாம் கேட்கத் தேவையில்லை. வாய்ப்பில்லாமலும் இல்லை. அந்த நாளிதழின் ஆசிரியர் சாமுவேல் பௌல்ஸ் குடும்ப நண்பர். நாவலாசிரியர் ஹெலன் ஹண்ட் ஜாக்சன் கெஞ்சிக் கேட்டு 1878இல் ஒரு கவிதையை ஒரு தொகுப்பில் பெயரின்றிச் சேர்த்தார். படித்தவர்களில் சிலர் அதைப் புகழ்பெற்ற கவிஞர் எமர்சனுடையது என்றே நினைத்தார்கள். கூச்சத்தால் ஒளிந்தவர் என்ற சித்திரத்தை நான் ஏற்பதில்லை. சூசனுக்கு மட்டும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள் போயிருக்கின்றன. மற்ற நண்பர்களுக்கும் கடிதங்களோடு, சில சமயம் பூக்களோடு, கவிதைகள் போயின. வாசகர்களைத் தானே தேர்ந்தெடுத்துத் தானே படியெடுத்துத் தந்த பதிப்பாளர் அவர்.

1886 மே 15 அன்று எமிலி இறந்தார். அக்காவின் விருப்பப்படி, அவருக்கு வந்த கடிதங்களைத் தங்கை லவீனியா எரித்தார். அதன் பிறகுதான் கவிதைகள் கிடைத்தன. இவ்வளவு இருக்கும் என்று கூடவே வாழ்ந்த தங்கைக்கும் தெரியாது. எப்படியாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று முதலில் சூசனிடமும், அங்கே தாமதமானதும் மேபல் லூமிஸ் டாட் என்பவரிடமும் கொடுத்தார். டாட் தட்டச்சுப்பொறியில் படியெடுத்தார், ஹிக்கின்சனும் சேர்ந்துகொண்டார். ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகம் சம்மதித்தது, ஆனால் அச்சுத் தகடுகளின் செலவை லவீனியா ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, உலகம் கண்ட முதல் எமிலி டிக்கின்சன் நூலுக்கும் வீட்டுப் பணம்தான் போனது. 1890 நவம்பரில் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் பதினொரு பதிப்புகள் கண்டது. வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும் என்று பகுதிகள் பிரித்து, தலைப்புகள் சூட்டி, எதுகை சரியாக விழாத இடங்களைச் சரிசெய்து, ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துப் போட்ட புத்தகம். டாட் இல்லாவிட்டால் நமக்கு எமிலியே இல்லாமல் போயிருக்கலாம். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அந்த வேலையின்போதுதான் ஏடுகளின் நூல் பிரிக்கப்பட்டது. தாள்கள் கலந்தன. பின்னர் குடும்பச் சண்டையில் கையெழுத்துப் படிகளே இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு ஹார்வர்டுக்கும் மறு பங்கு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தன.

கலைந்ததை மீட்டவர் ரால்ஃப் ஃபிராங்க்ளின் என்ற ஆய்வாளர். எந்தத் தாளின் ஊசித்துளை எந்தத் தாளின் துளையோடு பொருந்துகிறது, ஒரு தாளின் மைக்கறை எதிலே ஒட்டியிருக்கிறது, கிழிசல் எங்கே தொடர்கிறது, தாளின் வகை என்ன, கையெழுத்து எந்த ஆண்டினது என்று பார்த்துப் பார்த்து நாற்பது ஏடுகளையும் மறுபடி அடுக்கினார். 1981இல் அவை இரண்டு தொகுதிகளாக நிழற்படிவத்தில் வந்தன. எமிலி இறந்து 95 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பதிப்பித்த வரிசையில் அவரை மற்றவர்கள் வாசிக்க முடிந்தது. அவர் குத்திய துளைகளே அதற்கு வழிகாட்டின.

அந்த வரிசைக்குப் பொருள் உண்டா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒவ்வோர் ஏடும் ஒரு கதை சொல்கிறது என்பார் உண்டு. ஃபிராங்க்ளினோ அவை தன் கவிதைகளை ஒழுங்குபடுத்திவைக்க எமிலி கண்ட வழி என்ற அளவிலேயே நின்றார். கதையை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் அடுத்தடுத்த கவிதைகளுக்குள் உரசல் இருக்கிறது. சாவைப் பற்றிய கவிதை முடிந்து, குறுக்குக்கோட்டைத் தாண்டியதும் ஒரு தேனீ வருகிறது; தொகுப்பு நூல்கள் அந்தத் தேனீயை இயற்கைப் பகுதிக்கு அனுப்பிவிடுகின்றன. ஏட்டில் அது சாவின் பக்கத்திலேயே ரீங்கரிக்கிறது.

ஃபிராங்க்ளின் கணக்குப்படி 1863இல் மட்டும் எமிலி ஏறத்தாழ 300 கவிதைகளைப் படியெடுத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. 1864லும் 1865லும் கண் நோய்க்குச் சிகிச்சை பெற மாதக்கணக்கில் பாஸ்டன் பக்கம் தங்க நேர்ந்தது. தைப்பது நின்றுபோனது. பின்னும் தாள்களில் படியெடுத்தார், ஆனால் கட்டவில்லை. பிற்காலத்தில் கைக்குக் கிடைத்ததிலெல்லாம் எழுதினார்: சாக்லேட் சுற்றிய தாள், தேங்காய் கேக் செய்முறைக் குறிப்பின் பின்புறம், பிரித்த கடித உறைகள். உறையின் முக்கோண மூடியில் எழுதும்போது அடிகளும் அந்த முக்கோணத்துக்கேற்பக் குறுகிக்கொண்டே போகின்றன. ஜென் பெர்வினும் மார்த்தா வெர்னரும் 2013இல் இந்த உறைகளை நூலாக்கியிருக்கிறார்கள். கட்டிய ஏடுகளே எனக்கு முதன்மை என்றாலும், தாளின் வடிவத்தைக் கவிதை கேட்டுக்கொள்வதை இந்த உறைகளில்தான் நன்றாகப் பார்க்கலாம்.

புதிதாக வாசிக்க நினைப்பவர்கள் கிறிஸ்டேன் மில்லர் 2016இல் கொண்டுவந்த பதிப்பிலிருந்து தொடங்கலாம். ஏட்டு வரிசையில் கவிதைகள், ஓரத்தில் மாற்றுச் சொற்கள். ஒரு கவிதையை முதலில் மாற்றுகளைப் பார்க்காமல் வாசியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக வைத்து வாய்விட்டு வாசியுங்கள். எமிலியைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எது சிறந்த சொல் என்று அவருக்காக நாம் முடிவெடுக்க வேண்டாம். கூட்டல்குறிகளோடு மாற்றுச் சொற்களையும் கவிதையின் கீழேயே போடுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து வரிகள் கூடும், அவ்வளவுதான்.