மூன்றாம் முடிச்சுக்குள்

சங்கரன்கோவில் கல்யாண மண்டபங்களில் புகைப்படக்காரரின் திறமை தெரிவது கெட்டிமேளம் கொட்டும்போதுதான். அட்சதை பறக்கும். மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார் குறுக்கே வருவார். அதற்குள் தாலியும் இரண்டு முகங்களும் ஒரே படத்தில் விழ வேண்டும். "மாப்ள, கொஞ்சம் நிமிருங்க" என்று மேளத்துக்கு மேல் குரல் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

யாஷிகா கேமரா காலத்தில் ஒரு 120 ஃபிலிம் ரோலுக்குச் சதுரமாக 12 படம்தான். எண்ணி எண்ணித்தான் அழுத்துவார்கள். இன்று ஆயிரக்கணக்கில் எடுத்தாலும் பந்தியில் பாட்டி சிரித்தது மட்டும் விட்டுப்போகிறது.

எனக்குக் கல்யாணப் படத்தைவிடப் பிடித்தது அந்தக் காலத்து ஸ்டூடியோ உருவப்படம். நெகட்டிவில் தழும்பு விழுந்த இடத்தைக் கூர்ப் பென்சிலால் மெல்லத் தீற்றுவார்கள். அச்சில் அது வெளுத்து மறைந்துவிடும். ஆனால் மச்சத்தைத் தொடாதவரே நல்ல கலைஞர். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல்: அரன் பாதி, அரி பாதியாகச் சங்கரநாராயணர் நிற்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி ஸ்கேன் செய்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் கறுப்பு வெள்ளை ஆல்பம் இருந்தால் இந்த வாரமே எடுத்து ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்க ஸ்டூடியோ முத்திரையையும் சேர்த்து.