வானத்தில் யாருக்கு எத்தனை மதிப்பெண்?

வான் சாகசக் குழுக்களுக்கு உலகக் கோப்பை கிடையாது. நடுவரும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. ஆனாலும் பிரிட்டனின் ரெட் ஆரோஸா, அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸா, இத்தாலியின் ஃப்ரெச்சே திரிகோலோரியா, நம் சூர்யகிரணா என்ற வாக்குவாதம் ஓய்வதே இல்லை.

இந்த வாக்குவாதத்தில் பலரும் அளவுகோலைத் தவறாகப் பிடிக்கிறார்கள். எதிரெதிரே பாய்ந்து வந்து மயிரிழையில் விலகும் இரண்டு விமானங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். உண்மையில் அவை தனித்தனிக் கோட்டில் பறக்கின்றன. நடுவில் இருக்கும் பக்கவாட்டு இடைவெளி, பார்வையாளர் நிற்கும் கோணத்திலிருந்து தெரியாது, அவ்வளவே. அது துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மதிப்பெண் போட வேண்டிய இடம் வேறு. மொத்த அணியும் ஒரே உடலாக மேலெழுந்து, தலைகீழாகப் புரண்டு, கீழிறங்கும் ‘லூப்’ என்ற அந்த வளைவில் உருவம் கலைகிறதா, இல்லையா என்பதே கேள்வி.

அதைப் பார்க்கும் முன் எந்த விமானம் என்று கேட்க வேண்டும். ரெட் ஆரோஸும் சூர்யகிரணும் ஹாக் பயிற்சி விமானத்தில் பறக்கின்றன. பிரான்ஸின் பத்ரூய் து பிரான்ஸ் 1981 முதல் ஆல்ஃபா ஜெட்டில் பறந்து பேர் வாங்கிய குழு. இத்தாலியர்கள் 1982இல் எம்பி-339க்கு மாறினார்கள். இவையும் பயிற்சி விமானங்களே. மறுபக்கம் முழுப் போர் விமானக்காரர்கள்: எஃப்-16 வைத்திருக்கும் அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ், 2021இல் சூப்பர் ஹார்னெட்டுக்கு மாறிவிட்ட புளூ ஏஞ்சல்ஸ், சுகோய்களை ஓட்டும் ரஷ்யன் நைட்ஸ்.

இங்கே இயற்பியல் தன் வேலையைக் காட்டுகிறது. அதே ஜி-விசையில் வேகம் இரண்டு மடங்கானால், திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். வேகம் குறைந்த ஹாக், பார்வையாளர்களின் கண்ணெதிரிலேயே திரும்பிவிடும். வேகமான போர் விமானம் வெகுதூரம் போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த நேர இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்கர்கள் ஆறு பேரை நான்கு, இரண்டு என்று பிரித்திருக்கிறார்கள். வைர வடிவ நால்வர் சுற்றி வரும் நேரத்தில், தனி ஆட்டக்காரர்கள் இருவர் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே “அவர்கள் ஆறு பேர்தானே, நாம் ஒன்பது பேர்” என்று மார்தட்டுவதில் பொருளில்லை. அது விமானம் போட்ட கணக்கு.

நெருக்கம் என்று வந்தால் புளூ ஏஞ்சல்ஸுக்கு ஈடு சொல்வது கடினம். அவர்களின் வைர வடிவத்தில் ஒரு விமானத்தின் இறக்கை நுனிக்கும் அடுத்ததன் கண்ணாடிக் கூண்டுக்கும் இடையே 45 செ.மீ. வரைகூட வருவதுண்டு. அந்த விமானிகள் ஜி-சூட் அணிவதில்லை. ரத்தம் காலுக்கு இறங்காமலிருக்கக் காற்றால் உப்பும் உடை அது. விமானத்தை இயக்கும் கைப்பிடியான ஸ்டிக் இரு கால்களுக்கும் நடுவில் இருக்கிறது. விமானி முன்கையைத் தொடையில் ஊன்றித்தான் அதைப் பிடிக்கிறார். உடை உப்பினால் கை அசையும், கை அசைந்தால் விமானம் அசையும். போதாததற்கு, மூக்கைக் கீழே இழுக்கும் ஒரு ஸ்பிரிங்கை வேறு ஸ்டிக்கோடு பூட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 18 கிலோ இழுவையை ஆட்டம் முழுக்கத் தாங்கியபடியே ஓட்ட வேண்டும். ஸ்டிக் தளர்வாக ஆடாமல், சிறு அசைவும் துல்லியமாக வரும் என்பது லாபம். எஃப்-16இல் ஸ்டிக் பக்கவாட்டில் இருப்பதால் தண்டர்பேர்ட்ஸ் ஜி-சூட்டோடு நிம்மதியாகப் பறக்கிறார்கள்.

அடுத்த மதிப்பெண் தலைமை விமானிக்கு. பின்னால் வருபவர்கள் தரையையோ வானத்தையோ பார்ப்பதில்லை. முன்னால் செல்லும் விமானத்தின் உடலில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பறக்கிறார்கள். வளைவின் வெளி ஓரத்தில் இருப்பவருக்குத் தூரம் அதிகம், கூடுதல் விசை வேண்டும். அதற்காகத் தலைவர் தன் எஞ்சினின் முழு வலுவையும் பயன்படுத்தாமல் மிச்சம் வைக்கிறார். அவர் கை முரட்டுத்தனமாக இருந்தால் கடைசி வரிசை சாட்டையின் நுனிபோல் அலைபாயும். கடைசி வரிசையைப் பார்த்தாலே தலைவரின் தரம் தெரிந்துவிடும்.

இந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு. 1982 ஜனவரியில் நெவாடா பாலைவனத்தில் பயிற்சியின்போது, தண்டர்பேர்ட்ஸ் தலைவரின் விமானம் ஒரு லூப்பிலிருந்து மீளவில்லை. பின்தொடர்ந்த மூவரும் அவரோடு தரையில் மோதினர். 1995 டிசம்பரில் வியட்நாமின் காம் ரான் அருகே, வழிகாட்டி விமானத்தைத் தொடர்ந்து மேகத்துக்குள் இறங்கிய ரஷ்யன் நைட்ஸின் மூன்று சுகோய்கள் மலையில் மோதின.

ஆட்டத்தின் வடிவமைப்பில் என் ஓட்டு இத்தாலிக்கு. ஒன்பது பேர் அணியாகவும் ஒருவர் தனியாகவும் பறக்கும் பத்துப் பேர் ஆட்டம் அவர்களுடையது. சிதறுவதும் மறுபடி கோத்துக்கொள்வதும் அவ்வளவு விரைவு. அதே குழுதான் 1988 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில், ‘துளைத்த இதயம்’ என்ற உருவத்தை வரையும்போது மோதிக்கொண்டது. மூன்று விமானிகளோடு பார்வையாளர்கள் 67 பேர் உயிரிழந்தனர். கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வரும் சாகசங்களுக்கு அதன் பிறகு பல நாடுகள் கடிவாளம் போட்டன.

ரெட் ஆரோஸின் பலம் தொடர்ச்சி. 1965இல் முதல் ஆட்டம். விமானிகள் பொதுவாக மூன்று ஆண்டுகள் இருப்பார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் மாறுவதில்லை. தலைவராக வருபவர் முன்பே அந்த அணியில் பறந்தவர். மேகம் தாழ்ந்தால் லூப் இல்லாத ஆட்டம், இன்னும் தாழ்ந்தால் தட்டையான ஆட்டம் என்று மூன்று வகை கைவசம். மழைக்கால இங்கிலாந்தில் அந்தத் தட்டையான ஆட்டத்தையும் அலுக்காமல் நடத்துவதுதான் கெட்டிக்காரத்தனம்.

சூர்யகிரணுக்கு இடறியது இந்தத் தொடர்ச்சிதான். 1996இல் பீதரில் உள்நாட்டுக் கிரண் விமானங்களோடு தொடங்கிய அணி, பயிற்சி விமானங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 2011இல் நிறுத்தப்பட்டது. 2015இல் ஹாக்கோடு சிறு அணியாகத் திரும்பி, படிப்படியாகத்தான் மறுபடி ஒன்பதை எட்டியது. 2019இல் எலஹங்கா ஒத்திகையில் இரண்டு ஹாக்குகள் மோதி ஒரு விமானியை இழந்தது. இத்தனைக்கும் பிறகு 2021இல் கொழும்பிலும் 2024 அக்டோபரில் சென்னை மெரினாவிலும் ஒன்பது பேரும் சேர்ந்தே வந்தார்கள். சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் குழுவுக்கும் தனி மதிப்பெண் உண்டு; ஹெலிகாப்டரில் அணிச் சாகசம் செய்யும் ராணுவக் குழுக்கள் உலகில் வெகு சிலவே.

என் பட்டியல் இதுதான்: நெருக்கத்தில் புளூ ஏஞ்சல்ஸ், வடிவமைப்பில் ஃப்ரெச்சே, தொடர்ச்சியில் ரெட் ஆரோஸ், இரைச்சலில் ரஷ்யன் நைட்ஸ். சூர்யகிரண் விமானிகளின் கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெட் ஆரோஸின் அதே ஹாக், அதே ஒன்பது பேர். இடையில் விட்டுப்போன அந்த ஆண்டுகள்தான் வித்தியாசம். பயிற்சி விமானம் பற்றாமல் போகும்போதெல்லாம் முதலில் சாகச அணியில் கைவைக்கும் வழக்கம் ஒழிந்தால், முதல் வரிசைக்கு வர அவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை.