மேகங்களுக்கு நடுவே ஒரு வீடு: தோர்ப்னெஸ் கோபுரத்தை ரசிப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில் தோர்ப்னெஸ் என்றொரு சிற்றூர். அங்கே மரங்களுக்கு மேலே ஒரு வீடு தலைநீட்டுகிறது. சாய்கூரை, ஜன்னல்கள் எல்லாம் உண்டு. கூரை உச்சியோ தரையிலிருந்து சுமார் 70 அடி! 'ஹவுஸ் இன் தி கிளவுட்ஸ்' என்பது அதன் பெயர்.

அதை ரசிக்க வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள காற்றாலையை. 1803-இல் ஆல்ட்ரிங்காமில் மாவரைக்கக் கட்டிய ஆலை அது. 1920-களின் தொடக்கத்தில் அதைப் பெயர்த்து வந்து, இங்கே தண்ணீர் இறைக்க நிறுத்தினார்கள். இறைத்த தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம்தான் உயரத்தில் நிற்கும் அந்த 'வீடு'.

தோர்ப்னெஸ்ஸை விடுமுறைக் கிராமமாக உருவாக்கியவர் கிளென்கெய்ர்ன் ஸ்டூவர்ட் ஓகில்வி. ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி தேவை. ஆனால் பழைய பாணி வீடுகளுக்கு நடுவே இரும்புத் தொட்டி துருத்திக்கொண்டு நின்றால் ஊரின் அழகு கெடும். அதனால் 1923-இல் எழுந்த தொட்டிக்கு மரப்பலகை போர்த்தி, வீட்டு வேடம் போட்டார்கள்.

இனி, கட்டடத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே அகன்றிருப்பது வீடு, கீழே ஒல்லியாக நிற்பது அதைத் தாங்கும் கம்பம் என்றுதான் கண் சொல்லும். உண்மை நேர்மாறு. மேலே இருந்தது 50,000 காலன் தண்ணீர். மனிதர்கள் குடியிருந்தது கீழே, தொட்டியைச் சுமந்த இரும்புச் சட்டத்துக்குள். தொட்டி நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் ஏறக்குறைய 227 டன். உறங்குபவரின் தலைக்கு மேல் ஒரு குளம்!

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரின் பறக்கும் குண்டைக் குறிவைத்துச் சுட்ட விமான எதிர்ப்புப் பீரங்கியால் தொட்டி சேதமானது. அதன் இரும்பையே எடுத்துப் பழுதுபார்த்ததால் கொள்ளளவு 30,000 காலனாகக் குறைந்தது. குழாய்த் தண்ணீர் வந்தபின் 1977-இல் தொட்டிக்கு வேலை இல்லாமல் போனது. 1979-இல் அதை அகற்றினார்கள். வீடுபோல் நடித்த மேல்பகுதி, 56 ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே வீடானது. இன்று அதன் உச்சி அறையிலிருந்து நாற்புறமும் பார்க்கலாம்.

விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் இந்த வீட்டில் தங்குபவர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட படிகளை ஒவ்வொரு தளமாக நின்று ஏறினால், ஜன்னல் காட்சி மாறுவதை அனுபவிக்கலாம். உள்ளே போக வாய்ப்பில்லாதவர்களுக்கு ஊரிலேயே 'வெஸ்ட்பார்' இருக்கிறது. பழைய கோட்டை வாசல்போல் தோன்றும் அந்தக் கட்டடமும் வேடமிட்ட தண்ணீர்க் கோபுரம்தான். தொட்டி எங்கே இருந்திருக்கும் என்று கீழே நின்றபடியே ஊகித்துப் பார்க்கலாம்.