மேடையும் வெண்திரையும்

நாடகத்தைத் திரைக்குக் கொணர்வோர் முதற்கண் அரங்கின் சுவர்களை உடைத்தல் வேண்டும் என்பது பலர் கொள்கை. கே. பாலசந்தர் அவ்வழிச் சென்றாரல்லர். தம் நாடகமாகிய 'நீர்க்குமிழி'யை 1965-இல் படமாக்கியபோதும் கதையைப் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே நிறுத்தினார். இது நாடகத்தின் நகலே எனக் குறை கூறுவாருளர். ஆயின், சாவின் வாயிலில் நிற்கும் சேதுவுக்கு வெளியேற வழி ஏது? அந்த அடைப்பே கதையின் பொருள்.

'எதிர்நீச்சல்' (1968) இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. பல குடும்பங்கள் ஒட்டுக்குடியிருக்கும் வீட்டில் இருமல் தாத்தாவை நாம் காண்பதேயில்லை. இருமலை மட்டுமே கேட்கிறோம். மேடையில் இது சிக்கனமாகத் தோன்றலாம். எங்கும் புகவல்ல படக்கருவி அம்முதியவரை எட்டிப் பாராதபோதோ, வீட்டாரின் புறக்கணிப்பில் நாமும் பங்காளிகளாகிறோம்.

குறையும் உண்டு. கடைசி வரிசைக்கு எட்டவேண்டிய மேடைக் குரல், முகம் அருகே தோன்றும் காட்சியிலும் தணியவில்லை. விழி சொன்னதை வாயும் சொல்கிறது.

மம்பாவ்த் தோட்டத்து மாணவர் நாடகமொன்றைப் படம்பிடிக்க முனையும் ஆசிரியரும் இவ்விரண்டையும் கருதுதல் நன்று. எதைப் புதிதாகச் சேர்ப்பது என்பதினும், எதைக் காட்டாது விடுவது என்பதே முதல் வினா.