லாடெக், டைப்ஸ்ட்: ஓர் ஒப்பீடு

சமன்பாடுகளும் அட்டவணைகளும் நிறைந்த ஆய்வேடுகளை அச்சுக்கு அமைக்க 1980களிலிருந்து பயன்பட்டு வருவது லாடெக். 2023 மார்ச்சில் திறமூல மென்பொருளாக வெளிவந்த டைப்ஸ்ட் அதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. இரண்டிலும் உரையையும் கட்டளைகளையும் சாதாரண உரைக்கோப்பில் எழுதுகிறோம். மென்பொருள் அதைப் பக்கங்களாக்கித் தருகிறது. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது எளிது என்று மட்டுமே பார்க்கிறார்கள். ஆய்வேடு எழுதுபவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இன்று எழுதும் கோப்பு பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் இதே பக்கங்களைத் தருமா?

பின்னணி

லாடெக்கின் அடித்தளம் டெக். தமது நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளின் தோற்றம் பிடிக்காமல் 1977இல் டொனால்ட் குனுத் இதை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டளைத் தொகுதியே லாடெக். இன்று புழங்கும் லாடெக் 2இ 1994இல் வந்தது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் மேட்யே, மார்ட்டின் ஹாக் ஆகிய இருவர் தொடங்கியது டைப்ஸ்ட். இது ரஸ்ட் நிரல்மொழியில் எழுதப்பட்டது.

எழுதும் அனுபவம்

இந்தப் பகுதியில் டைப்ஸ்ட் தெளிவாக முந்துகிறது. லாடெக்கில் ஒரு பின்னத்துக்குப் பின்சாய்வுக்கோடு, கட்டளைப் பெயர், இரண்டு சோடி அடைப்புகள் வேண்டும். டைப்ஸ்டில் தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு சாய்வுக்கோடு போதும். லாடெக்கில் இருபதாம் வரியில் அடைப்பை மூட மறந்தால், பிழைச்செய்தி பல வரிகள் தள்ளி, சில சமயம் கோப்பின் முடிவில், வேறொன்றைக் குறைகூறும். கட்டளைகள் ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் மேக்ரோக்களாக இருப்பதே காரணம்: விரிவு எங்கே முறிகிறதோ அந்த இடத்தைத்தான் டெக் அறியும். டைப்ஸ்டின் கட்டளைமொழி மாறிகளும் செயற்கூறுகளும் கொண்ட முறையான நிரல்மொழி. அதனால் பிழை நேர்ந்த இடத்தைப் பெரும்பாலும் அதனால் சுட்ட முடிகிறது.

பக்க எண்களும் சுட்டுகளும் சரியாக அமைய லாடெக்கை இரண்டு, மூன்று முறை ஓட்ட வேண்டும். டைப்ஸ்ட் அந்தச் சுற்றுகளைத் தானே செய்துகொள்கிறது; மாறிய பகுதியை மட்டும் மீண்டும் கணக்கிடுவதால் விளைவு உடனுக்குடன் திரையில் தெரிகிறது.

பக்கத்தின் அழகு

ஒரு பத்தி முழுவதையும் ஒரே கணக்காகக் கருதி வரிகளை உடைக்கும் முறை டெக்கின் பெரும் சாதனை. இருபுறமும் நேராக்கிய பத்திகளுக்கு டைப்ஸ்டும் இம்முறையையே கையாள்கிறது. ஆனால் எழுத்துகளின் அகலத்தையும் ஓரங்களையும் நுணுக்கமாகச் சரிசெய்வதில் லாடெக்கின் பொதிகளுக்குப் பல ஆண்டு முதிர்ச்சி உண்டு.

தமிழில் எழுதுவோருக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. தொடக்கக்கால டெக் ஒருங்குறிக்கு முந்தையது. எனவே தமிழுக்கு ஸீடெக் அல்லது லுவாடெக் இயந்திரத்தைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவையும் அதை வடிவமைக்கும் முறையையும் குறிப்பிட வேண்டும். தவறினால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கலாம். டைப்ஸ்ட் ஒருங்குறியிலேயே பிறந்தது. எழுத்துருவின் பெயரைச் சொன்னால் கொம்புகள் இடம் மாறாமல் அமைகின்றன.

நிலைத்தன்மை

டெக்கில் புதிய வசதிகள் சேர்ப்பதை 1990இல் குனுத் நிறுத்தினார். பிழை திருத்தும்போது பதிப்பு எண் மட்டும் பையின் மதிப்பை நெருங்குகிறது. இப்போது அது 3.141592653. ஆகவே அன்று டெக்கில் மட்டும் எழுதிய கோப்பு இன்றும் அதே வரிகளைத் தரும். ஆனால் லாடெக்கில் நாம் எழுதும் ஆய்வேடு டெக்கோடு மட்டும் நிற்பதில்லை. அது பத்து இருபது பொதிகளை அழைக்கிறது. எந்தப் பதிப்பு என்று பெரும்பாலும் குறிப்பதில்லை. பொதி மாறினால் ஆய்வேடும் உடையலாம்.

டைப்ஸ்டில் நிலைமை தலைகீழ். பொது வைப்பகத்திலிருந்து பொதியை அழைக்கும் வரியிலேயே பதிப்பு எண்ணையும் எழுதியாக வேண்டும். அந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. அடித்தளமோ இன்னும் சுழியத்தில் தொடங்கும் பதிப்பு எண்களில்தான் இருக்கிறது. ஒரு வெளியீட்டில் ஏற்கப்பட்ட கட்டளை அடுத்ததில் மாறக்கூடும். லாடெக்கில் அடித்தளம் உறுதி, மேல்கட்டு தளர்வு. டைப்ஸ்டில் மேல்கட்டு ஒழுங்கு, அடித்தளம் இன்னும் இறுகவில்லை.

மதிப்பீடு

லாடெக்கின் வலிமை அதன் மொழியில் இல்லை, அதைச் சூழ்ந்த நிறுவனங்களில் இருக்கிறது. ஆய்விதழ்கள் அதன் வார்ப்புருக்களைக் கேட்கின்றன. ஆர்கைவ் களஞ்சியம் டெக் மூலக்கோப்பை ஏற்கிறது. டைப்ஸ்டில் எழுதியவர் அங்கே பிடிஎஃப் கோப்பைத்தான் அளிக்க வேண்டும். எனவே இதழுக்கு அனுப்பும் கட்டுரைக்கு லாடெக்கே பாதுகாப்பான வழி. வகுப்புக் குறிப்புகள், செயல்திட்ட அறிக்கை, வார்ப்புரு கட்டாயமில்லாத ஆய்வேடு ஆகியவற்றுக்கு டைப்ஸ்டைத் தயங்காமல் எடுக்கலாம். பிழை தேடுவதில் போகும் இரவுகள் மிச்சமாகும்.

எதில் எழுதினாலும் மூலக்கோப்பின் முதல் வரியில் மென்பொருளின் பதிப்பைக் குறித்து வைப்பதும், முடிந்த பிடிஎஃப் கோப்பை மூலக்கோப்போடு சேர்த்துக் காப்பதும் நல்லது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதைத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த ஒற்றை வரிதான்.