புழுவா, குடம்பியா? கடற்பஞ்சின் இளமைப் பருவத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்: ஒரு திறனாய்வு

தமிழில் விலங்கியல் எழுதுவோர் கடற்பஞ்சுக்கு ஒதுக்கும் இடம் சிறிது. அதன் இளமைப் பருவத்துக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒற்றைத் தொடர்: வளர்ச்சி மறைமுகமானது, லார்வாப் பருவம் உண்டு என்பதோடு பாடம் அடுத்த தொகுதிக்குச் சென்றுவிடும். செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் மாணவர் உயிருள்ள கடற்பஞ்சைக் காண்பது அரிது. அவருக்குச் சொல்லே சான்று. அச்சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இன்று மூன்று வழக்குகள் உள்ளன. தமிழகப் பாடநூல்கள் பெரிதும் ‘லார்வா’ என ஒலிபெயர்க்கின்றன. பொது அறிவியல் எழுத்தில் ‘இளம்புழு’, ‘புழுப்பருவம்’ என்பன வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடமரபு ‘குடம்பி’ என்கிறது. இவற்றுள் ‘புழு’ மிகுந்த குழப்பம் தருவது. பட்டுப்புழுவையும் வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் கண்டு பழகிய மனத்தில் அச்சொல் வாய், குடல், ஓயாத தீனி, ஊர்தல் ஆகியவற்றை எழுப்பும். கடற்பஞ்சின் இளவுயிரிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தாயுடல் தந்த கருவுணவைக் கொண்டே பெரும்பாலும் அது வாழ்கிறது. மேனியை மூடிய நுண்ணிழைகளால் சில மணிநேரமோ சில நாள்களோ நீந்துகிறது. தகுந்த பரப்பைக் கண்டதும் ஒட்டிக்கொள்கிறது. பட்டுப்புழு உண்பதற்கென்றே வாழ்வது. இதுவோ இடம் தேடுவதற்கென்றே வாழ்வது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால் வேறுபாடு அழிகிறது.

‘லார்வா’ என்பதும் பழுதற்றதன்று. முகமூடி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை லின்னேயசு பூச்சிகளுக்கு ஆண்டார். முதிர்வடிவம் உள்ளே மறைந்திருப்பதாகக் கருத்து. கடற்பஞ்சில் அகற்றிவிடத்தக்க முகமூடி ஏதும் இல்லை. ஆசுத்திரேலியப் பவளத்திட்டில் வாழும் ஆம்பிமிடான் குயின்சுலாந்திகா என்னும் இனத்தைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வு, நீந்தும் பருவத்தின் வெளியடுக்கு உயிரணுக்களே ஒட்டிய பின் உள்ளறைகளின் கழுத்துப்பட்டை உயிரணுக்கள் உள்ளிட்ட பலவகை உயிரணுக்களாக உருமாறுவதைக் காட்டியது. நீந்த உதவிய மேனியே நீரை வடிகட்டும் அகமாகிறது.

சிக்கல் இன்னும் ஆழமானது. ‘துளையுடலி’ என்று தொகுதிக்கே பெயரிட்டோம். இளவுயிரிக்கோ நீர் புகும் துளைகள் இல்லை. ‘கடற்பஞ்சு’ என்பதும் முதிர்ந்த உடலின் தோற்றத்தால் வந்த பெயரே. 1820களில் இராபர்ட்டு கிராண்டு இசுக்காட்லாந்துக் கடற்கரையில் இவ்விளவுயிரிகள் நீந்துவதைக் கண்டு எழுதியது, கடற்பஞ்சு விலங்கா தாவரமா என்ற ஐயம் நீங்காதிருந்த காலத்தில். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுத்து, புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைக்கிறது. இத்தகைய பகுப்பு சமணர்க்கும் உரியது. அவர்தம் கற்படுக்கைகள் தொண்டூரிலும் உள்ளன. நிலைத்திணை, இயங்குதிணை என்னும் அப்பகுப்பில் கடற்பஞ்சை எங்கே வைப்பது? இளமையில் இயங்குவது முதுமையில் நிலைக்கிறது. ஆம்பிமிடானின் இளவுயிரியோ, நரம்பே இல்லாதிருந்தும், பின்முனையிலுள்ள நிறமி வளையத்தின் துணையால் ஒளியை விலக்கி நீந்துகிறது. பழைய பகுப்பைக் குறைகூறுவது நோக்கமன்று. ஓருயிர்க்கு ஒரு நிலையே உண்டு என்னும் அதன் எடுகோளை நம் இன்றைய கலைச்சொற்களும் சுமக்கின்றன என்பதே கருத்து.

மன்னார் வளைகுடாவை நோக்கினால் இது வெறுஞ்சொல் வழக்கன்று என்பது புலப்படும். எர்டுமன் 1902இல் இலங்கைக் கடலில் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் தெண்டி ஆராய்ந்து 1905இல் அறிக்கை அளித்தார். முத்துச்சிப்பிப் பார்களைப் பற்றிய பெருந்தொகுப்பின் பகுதி அது. பின்னர் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி. ஏ. தாமசு வளைகுடாவின் இனங்களை விரிவாக வகைப்படுத்தினார். இவ்வகைப்பாடு முதன்மையாக முதிர்ந்த உடலின் நுண்முட்களையும் எலும்புக்கட்டையும் சார்ந்தது. அதற்கு அதுவே முறை. ஆயினும் முத்துச்சிப்பியின் ஓட்டையும் பவளத்தையும் குடையும் கிளயோனா புதிய ஓட்டைச் சென்று பற்றுவது நீந்தும் பருவத்தால்தான். குடைந்த ஓட்டைப் பார்ப்பவர் கேட்கவேண்டிய முதல் வினா, ‘இது எப்போது வந்து ஒட்டியது?’ என்பது. ‘புழு’ என்று கற்றவர் புழு துளைத்தது என்றே எண்ணக்கூடும். துளைப்பதோ ஒட்டி உருமாறிய கடற்பஞ்சு.

‘குடம்பி’யை ஏற்கலாம் என்பது என் கருத்து. அது ‘குடம்பை’யை நினைவூட்டுவது, நிலையாமை அதிகாரக் குறளில் அச்சொல்லுக்குக் கூடு என்றும் முட்டை என்றும் உரைகள் வேறுபடுவதை அறிவோம். அங்கே பறவை குடம்பையை நீங்கிப் பறக்கிறது. இங்கே பறந்து திரிவது போன்ற பருவம் முதலில் வந்து, இருப்பிடம் பின்னர் அமைகிறது. இம்முரண் சொல்லுக்குக் குறையன்று. வாயையோ ஊர்தலையோ அது முன்கூட்டியே சுமத்துவதில்லை என்பதே போதும். தமிழக வகுப்பறையில் பழக்கமில்லை என்ற தடை உண்மை. ‘குடம்பி (லார்வா)’ எனச் சில ஆண்டுகள் இணைத்து எழுதினால் அது தீரும்.

வகைப்பெயர்களையும் ஆக்கவேண்டும். உள்ளே உயிரணுக்கள் திரண்டு நிறைந்த பாரன்கைமெல்லாவை ‘நிறைகுடம்பி’ எனலாம். நிறைகுடம் நினைவுக்கு வந்தால் வரட்டும், பொருளும் அதுவே. ஒரு பாதி நீளிழையுடனும் மறுபாதி அஃதின்றியும் அமைந்த ஆம்பிபிளாசுடுலாவுக்கு ‘இருபாற்குடம்பி’ பொருந்தும். சிலர் இதனை ஆண், பெண் எனப் பிறழ உணரக்கூடும் என்பதால், ‘இருபாதிக் குடம்பி’ என்பதையும் மாற்றாக முன்வைக்கிறேன்.