சுவருக்குள் கறுப்பு பீர்

தமிழில் குடியைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குரல்கள்தான் வாய்த்திருக்கின்றன. ஒன்று அழுகிறது, இன்னொன்று அலப்பறை பண்ணுகிறது. தாலி அடகுக்குப் போன கதை ஒரு பக்கம், மொட்டை மாடியில் நண்பர்களோடு அடித்த கூத்து மறுபக்கம். கிளாசில் இருந்தது என்ன, நாக்கில் அது என்ன செய்தது என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் பதில் கிடையாது. எல்லாவற்றுக்கும் 'சரக்கு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

பழைய தமிழ் இப்படி இருக்கவில்லை. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. தெளிந்தது தேறல், வீட்டில் அரிசியில் ஆக்கியது தோப்பி. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறையே வருகிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு எடுப்பார்கள். முளைத்த தானியத்தைப் புளிக்கவைப்பது என்றால், கிட்டத்தட்ட பீர்தான் அது. ஆக, இதைப் பற்றி நிதானமாகப் பேசுவது நமக்குப் புதிதில்லை, பழக்கம் விட்டுப்போனது அவ்வளவுதான்.

கடந்த சில மாதங்களாக ஐந்து கறுப்பு பீர்களை, ஒரு நாளைக்கு ஒன்றாக, குறிப்பெடுத்துக் குடித்துப் பார்த்தேன். மூன்று பெல்ஜியம் நாட்டவை: ஷிமே புளூ (9 விழுக்காடு), செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 (10 விழுக்காடு), ரோஷ்ஃபோர் 10 (11.3 விழுக்காடு). மற்ற இரண்டும் நம் பக்கத்தவை. தேக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டவுட் (8 விழுக்காடு), கொழும்பு போய்வந்த நண்பர் கொண்டுவந்த லயன் ஸ்டவுட் (8.8 விழுக்காடு).

முதலில் நிறத்தைப் பார்ப்போம். ஐந்தும் கறுப்பு என்றாலும் கறுப்பு வந்த வழி வேறு. ஸ்டவுட்டின் கறுப்பு வறுவலில் வருகிறது. காபிக்கொட்டை போலத் தானியத்தைக் கருக வறுத்து எடுப்பார்கள். மடாலய பீரின் கருமையில் பெரும்பங்கு சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது. பீட்ரூட் இனத்துச் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகும்வரை காய்ச்சி, கொதிக்கும் பீரில் ஊற்றுகிறார்கள். ஆங்கிலக் குறிப்புகள் இந்தச் சுவைக்கு உலர்ந்த பிளம், அத்தி, திராட்சை என்று எழுதும். எனக்கு உலர்ந்த பிளம் எந்த ஞாபகத்தையும் தருவதில்லை. கருப்பட்டி என்று சொல்லிப்பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும். பாகு இன்னொரு வேலையும் செய்கிறது. ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்று ஆல்கஹாலாக்கிவிடுவதால், பீர் கடுமையாகிறது, ஆனால் கஞ்சி மாதிரி கெட்டியாவதில்லை. பத்து விழுக்காட்டு பீர் தொண்டையில் லேசாக இறங்குவதன் சூட்சுமம் இதுதான். ஆபத்தும் இதுதான்.

ஷிமே புளூவில் நுரை அதிகம். ரொட்டி மணம், மிளகுக் காரம், அடியில் கொஞ்சம் பேரீச்சை. 1948-இல் கிறிஸ்துமஸுக்காகக் காய்ச்சத் தொடங்கிய பீர் இது. ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன்தலைக் கறிக்கு எதிரே வைத்தால் தாக்குப்பிடிப்பது இது ஒன்றுதான், நுரை புளியை வழித்துக்கொண்டு போகிறது. ஆனால் கிளாஸில் சூடேறினால் கடைசி இரண்டு வாயில் மருந்து வாடை தட்டுகிறது.

ஆப்ட் 12 உருண்டையான பீர். வாழைப்பழம், சோம்பு, பாகு. மட்டன் சுக்காவுக்கு நல்ல ஜோடி. இனிப்பு கொஞ்சம் தூக்கல், முழுப் பாட்டிலையும் தனியாகக் குடித்தால் திகட்டுகிறது.

ரோஷ்ஃபோர் 10 சாப்பாட்டோடு ஒத்துப்போகாது. கொத்தமல்லி விதை சேர்ப்பார்கள், அது மேலே லேசாகத் தெரிகிறது. உள்ளே சாக்லேட், அத்தி, நெஞ்சுவரை போகும் ஒரு சூடு. அதிரசம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம்.

ஏபிசிக்கு வருவோம். 1930-களில் ஜெர்மானியர்கள் சிங்கப்பூரில் நடத்திய ஆர்கிபெலகோ மதுவாலையின் சுருக்கப்பெயர்தான் ஏபிசி. போர்க்காலத்தில், 1941-இல், டைகர் பீரைக் காய்ச்சிய மலாயன் புருவரீஸ் அதை வாங்கிவிட்டது. கருகிய காபி, வெல்லப்பாகு, இறுதியில் ஒரு இரும்புச் சுவை. கோப்பிக்கடையில் மக்கில் ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள். பீர் ரசிகர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு மில்லியில் நூறு மில்லி ஐஸ் கரைந்தால் 8 விழுக்காடு 6 ஆகிறது. முப்பது டிகிரி வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு அது விவேகமான தீர்வு. இன்னொரு விஷயமும் உண்டு. ஏபிசியை ஷிமே மாதிரி பன்னிரண்டு டிகிரியில் வைத்துக் குடித்தேன். இரும்புச் சுவை பின்வாங்கி, நல்ல கோப்பி-ஓ மணம் முன்னால் வந்தது. பனிக்குளிரில் எந்த பீருக்கும் மணம் இருக்காது. நாம் ஏபிசிக்கு ஒருநாளும் அந்தப் பன்னிரண்டு டிகிரியைக் கொடுத்ததில்லை.

லயன் ஸ்டவுட், இந்த ஊர்ப் பக்கத்து பீர்களில் ஆகச் சிறந்தது. நுவரெலியாவில் பிறந்த மதுவாலையின் பீர் இது. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, 2007-இல் மறைந்த ஆங்கிலேய பீர் விமர்சகர்) பாராட்டி எழுதிய பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பெல்ஜிய பீர்களை உலகத்துக்கு வாசித்துக் காட்டியவரும் அவரேதான். ஒரு விமர்சகர் உட்கார்ந்து பொறுமையாக எழுதினால் ஒரு பானத்தின் அந்தஸ்தே மாறுகிறது. ஏபிசிக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சுவை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

டிராப்பிஸ்ட் என்ற அறுகோண முத்திரை ஒரு பீருக்குக் கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. மடத்தின் சுவருக்குள் அல்லது அதை ஒட்டிக் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். ஷிமேக்கும் ரோஷ்ஃபோருக்கும் அது இருக்கிறது. ஆப்ட் 12-க்கு இல்லை. ஆனால் அதன் கதையைக் கேளுங்கள். வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடம் 1946-இல் தன் பீரைக் காய்ச்சும் உரிமையை வாட்டூ கிராமத்து மதுவாலை ஒன்றுக்குக் கொடுத்தது. 1992-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு அதே மதுவாலை செயின்ட் பெர்னார்டஸ் என்ற பெயரில் காய்ச்சுகிறது. நீண்ட காலம் மடத்து வாசலில் மட்டும் விற்ற வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12-க்காக உலகமே அலைந்தது. வாட்டூ பாட்டில் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிறது. நடுவில் இருப்பது ஒரு சுவர்.

இன்னொரு வேடிக்கை. துறவிகள் இந்தக் கடும் பீரைத் தினமும் குடிப்பதில்லை. ஷிமே மடத்தில் அவர்களுக்கென்று காய்ச்சியது 4.8 விழுக்காட்டு டோரே. கடுமையானது வெளியே விற்பதற்கு. அந்தக் கடுமை ஓங்கியதற்கும் பக்தி காரணமில்லை, சட்டம் ஒரு பெரிய காரணம். 1919-இல் சோஷலிஸ்ட் அமைச்சர் எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம், பெல்ஜிய மதுக்கடைகளில் சாராய வகைகளை ஊற்றிக்கொடுப்பதைத் தடைசெய்தது. தொழிலாளிகள் மலிவான ஜெனிவரில் அழிகிறார்கள் என்பது அவருடைய கவலை. சாராயம் போன இடத்தைக் கடும் பீர் நிரப்பியது. சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இன்று நாம் தியானத்தின் திரவம் மாதிரி கையில் ஏந்துகிற இந்த பீர் வளர்ந்ததில் தொழிலாளியின் குடியைப் பற்றிய பதற்றத்துக்கும் பங்குண்டு.

அதே பதற்றம் நம் ஊருக்கும் வந்தது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷையர் ரோடும் சந்திக்கும் இடத்தில் பேருந்து ஏறி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை, விபத்தையும் மீட்புப் பணியையும் பற்றிய தவறான புரிதல்களோடு மதுவையும் காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரலில் புதிய மதுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை தீவு முழுவதும் பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் மட்டும் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை அந்தத் தடை நீளும்.

உரிமம் பெற்ற உணவகத்துக்குள் உட்கார்ந்தால் குடிக்கலாம். ஆக இங்கேயும் கேள்வி சுவரைப் பற்றியதுதான். பெல்ஜியத்தில் சுவருக்குள் காய்ச்ச வேண்டும், தேக்காவில் வாரக் கடைசியில் சுவருக்குள் குடிக்க வேண்டும். சுவர் வாங்கக் காசிருப்பவர் ரோஷ்ஃபோரோடு உட்கார்ந்து 11.3 விழுக்காட்டை 'ஆழம்' என்று வர்ணிக்கிறார். காசில்லாதவர் பஃபலோ ரோட்டுத் திண்டில் உட்கார்ந்து குடிக்கும் 8 விழுக்காடு 'பிரச்சினை' ஆகிறது.

இந்தப் பேதத்தைப் பார்க்காத ஒரே ஆள் சுங்கத்துறைதான். 2014 வரவுசெலவுத் திட்டத்தில் பீருக்கான கலால் வரி ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி ஆனது. 330 மில்லி ஆப்ட் 12-க்கு 1 வெள்ளி 98 காசு, அதே அளவு ஏபிசிக்கு 1 வெள்ளி 58 காசு. துறவி படம் போட்டிருப்பதற்குக் கழிவு எதுவும் கிடையாது.

"அப்ப ரோட்டோரமா எல்லாரும் ஏபிசி குடிக்கட்டும்னு சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. குறைந்த காசுக்கு அதிகப் போதை என்பதுதான் மலிவான கடும் பீரின் வியாபாரம். அது பலருடைய சம்பளத்தைத் தின்றிருக்கிறது, குடும்பங்களையும் தின்றிருக்கிறது. லிட்டில் இந்தியா புளோக்குகளில் குடியிருந்தவர்களுக்கும் படிக்கட்டில் வாந்தியைக் கழுவிய அனுபவம் இருக்கும், அவர்களுடைய எரிச்சலும் நியாயம்தான். சட்டம் வேண்டாம் என்பது என் வாதமில்லை. நான் விமர்சனத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரே ஆல்கஹாலுக்கு ஒரு மேசையில் ரசனையின் மொழியையும் இன்னொரு மேசையில் காவல்துறையின் மொழியையும் பயன்படுத்தினால், அது நாக்கு எழுதுகிற விமர்சனம் இல்லை, வர்க்கம் எழுதுவது. ரோஷ்ஃபோரும் ஈரலைக் கெடுக்கும், அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. ஏபிசியிலும் மணம் இருக்கிறது, அதையும் தேடிப்பார்த்துச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் வெளிநாட்டு ஊழியர் குடிக்கும்போது கவனியுங்கள். பெரும்பாலும் அவர் கையில் இருப்பது வெறும் 'பீர்'. என்ன பீர், குளிர்ந்ததா, யாரோடு பகிர்ந்தார், பிடித்திருந்ததா என்று கதாசிரியர் கேட்டிருக்க மாட்டார். பாத்திரத்துக்கு ஊரும் கடனும் கொடுத்த நாம், ஒரு நாக்கைக் கொடுக்க மறந்துவிடுகிறோம். பெரும்பாணாற்றுப்படைக்காரருக்கு இருந்த அக்கறை நமக்கு இல்லாமல் போயிற்று.

வரிசை கேட்பவர்களுக்கு: முதலில் ரோஷ்ஃபோர் 10, அதன்பின் லயன் ஸ்டவுட், ஆப்ட் 12, ஷிமே புளூ, ஏபிசி. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள தூரம் விலை காட்டுகிற அளவுக்கு இல்லை. எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள், இரண்டு பேர் ஒரு பாட்டிலைப் பகிருங்கள், வண்டி ஓட்டாதீர்கள். பிறகு என்ன ருசித்தது என்று தமிழில் நான்கு வரி எழுதிவையுங்கள். ஏபிசிக்கும் சேர்த்து.